ஒரே அறைக்கு இரண்டு புக்கிங்: தரவுத்தளத்தில் எந்தக் கட்டமைப்பு யாரைக் காக்க வைக்கிறது?

ஏற்காட்டில் மே மாதம் கோடை விழா நடக்கும் நாட்களில் ஒரு காட்டேஜ் அறைக்கு மூன்று பக்கமிருந்து புக்கிங் வரும். வரவேற்பு மேசையில் ஒருவர் நேரில் வந்து கேட்பார். சேலத்தில் இருக்கும் அலுவலகத்துக்குப் போன் வரும். அதே நிமிடத்தில் இணையதளம் வழியாக யாரோ யூபிஐ-யில் பணம் கட்டிக்கொண்டிருப்பார். மூன்றும் ஒரே டேட்டாபேஸில்தான் போய் விழுகின்றன. இரண்டு குடும்பங்களுக்கு ஒரே அறை போய்விட்டால், 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, குழந்தைகளோடு வந்து நிற்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? சீசனில் மலை மேல் வேறு அறை தேடுவதும் லேசான காரியம் இல்லை.

இதையெல்லாம் டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளும் என்று நம்பித்தான் பலர் நிரல் எழுதுகிறார்கள். அது பாதிதான் சரி. டேட்டாபேஸுக்குள் இந்தக் காவல் வேலையை நாலைந்து கட்டமைப்புகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. பதிவுகளை விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ் மரம் ஒன்றைக் காக்கிறது, லாக் அட்டவணை இன்னொன்றைக் காக்கிறது, பழைய பதிப்புகளின் சங்கிலி வேறொன்றைச் செய்கிறது. எது எதைக் காக்காது என்று தெரியாமல் தேர்வு செய்தால் சிக்கல்தான்.

சேலம் வட்டாரத்தில் தொழில் செய்கிறவர்களுக்கு மென்பொருள் எழுதும் ஒருவர் எதை நம்பலாம் என்ற நோக்கில் இவற்றை ஒப்பிடுகிறேன். மனதில் வைத்திருப்பவை நான்கு இடங்கள்: ஏற்காட்டுக் காட்டேஜ், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடை, ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலையின் எடைமேடை, சேர்வராயன் மலையில் ஒரு காபித் தோட்டம். நொடிக்கு எத்தனை லட்சம் என்ற வேக அட்டவணைகள் இந்த நான்கில் எதற்கும் உதவாது. இரண்டு பேர் மோதும்போது யார் காத்திருக்கிறார், எதற்காக, எவ்வளவு நேரம் என்பதைத்தான் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன்.

பேஜ் அளவில் நடக்கும் மோதல்

முதலில் ஒரு பிரிவினையைச் சொல்லிவிட வேண்டும். டேட்டாபேஸின் நினைவகத்தில் ஒரு பேஜை (பல பதிவுகளைச் சேர்த்து வைக்கும் துண்டு) இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றினால் அந்தப் பேஜே சிதைந்துவிடும். அதைத் தடுக்க லாட்ச் இருக்கிறது. மைக்ரோ நொடிக் கணக்கில் பிடித்து விட்டுவிடுவார்கள். டிரான்சாக்ஷன் (முழுதாக நடக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றுமே நடக்கக் கூடாது என்ற வேலைத் தொகுப்பு) முடியும்வரை ஒரு தகவலைப் பிடித்து வைத்திருப்பது லாக். இது நொடிக்கணக்கிலும் போகும், நிமிடக்கணக்கிலும் போகும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் எந்த ஒப்பீடும் உருப்படாது.

லாட்ச் விஷயத்தில் பெரும்பாலான டேட்டாபேஸ்களுக்கு அடிப்படை, மதிப்புகளை வரிசையாக வைக்கும் பி-ட்ரீ என்ற இண்டெக்ஸ் மரம்தான். மேலே வேர்ப் பேஜ், அடியில் இலைப் பேஜ்கள். இதில் இறங்கும்போது மேல் பேஜின் லாட்சைப் பிடித்தபடி கீழ்ப் பேஜின் லாட்சை எடுத்து, பிறகு மேலே உள்ளதை விடுவது பழைய முறை. படிப்பவர்களுக்கு இது பிரச்சினை இல்லை. எழுதுபவர் வரும்போதுதான் சங்கடம். இலைப் பேஜ் நிரம்பி இரண்டாகப் பிளந்தால் மேலே உள்ள பேஜிலும் மாற்றம் வரும். அதுவும் பிளந்தால் அதற்கும் மேலே. அந்தப் பயத்தில் வேரிலிருந்தே எழுதும் லாட்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினால், மலையில் ஏதோ ஒரு வளைவில் வேலை நடக்கிறது என்பதற்காக அடிவாரத்திலேயே எல்லா வண்டிகளையும் நிறுத்துவது மாதிரி ஆகிவிடும். 1977-இல் பேயரும் ஷ்கோல்னிக்கும் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். பிளக்காது என்று நம்பி, வழியெல்லாம் படிக்கும் லாட்சோடு இறங்கு. இலையில் போய்ப் பார்த்து, பிளக்க வேண்டியிருந்தால் மட்டும் மறுபடி மேலிருந்து எழுதும் லாட்சோடு வா. பிளப்பது அபூர்வம் என்பதால் இது நன்றாகவே வேலை செய்கிறது.

1981-இல் லேமனும் யாவோவும் இன்னும் அழகான ஒன்றைச் செய்தார்கள். ஒவ்வொரு பேஜுக்கும் வலப்பக்கத்துப் பேஜைக் காட்டும் ஒரு சுட்டி, அந்தப் பேஜில் இருக்கக்கூடிய மிகப் பெரிய மதிப்பைச் சொல்லும் ஒரு குறிப்பு, இவ்வளவுதான் அவர்கள் சேர்த்தது. நீங்கள் இறங்கி வருவதற்குள் பேஜ் பிளந்துவிட்டதா? தேடும் மதிப்பு அந்தக் குறிப்பைத் தாண்டுகிறது என்றால் வலப்பக்கம் ஒரு அடி நகருங்கள், அங்கே இருக்கும். மேலே உள்ளதைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்க வேண்டிய அவசியமே போய்விட்டது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் பி-ட்ரீ இண்டெக்ஸ் இந்த வழியில் வந்ததுதான். நாற்பது வருடத்துக்கு மேலாகியும் இந்த யோசனை தேயவில்லை என்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

லாட்சே இல்லாமல் செய்யலாமே என்று ஒரு தரப்பு உண்டு. மைக்ரோசாஃப்டில் 2013-இல் வெளிவந்த பிடபிள்யூ-ட்ரீ பேஜை நேரடியாக மாற்றாது. மாற்றத்தை ஒரு சிறு துண்டாக எழுதி, பேஜின் முகவரி அட்டவணையில் ஒரே ஒரு அணுச் செயலால் (இடையில் வேறு யாரும் புக முடியாத படி) அதை முன்னால் கோர்த்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2018-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் குழு அதைக் கவனமாக மறுபடி கட்டி, பல மேம்பாடுகளும் செய்து அளந்தபோது, லாட்ச் பயன்படுத்தும் மற்ற நினைவகக் கட்டமைப்புகள் அதை முந்தின. துண்டுச் சங்கிலியில் தாவித் தாவிப் படிப்பதும், குப்பையை எப்போது அகற்றலாம் என்று கணக்கு வைப்பதும் சும்மா வருவதில்லை. 1990-இல் வில்லியம் பியூ எழுதிய ஸ்கிப் லிஸ்ட்டும் (பல அடுக்குகளில் இணைத்த வரிசைப் பட்டியல்) இந்த வரிசையில் வருகிறது. பிளத்தல், சமநிலைப்படுத்தல் எதுவும் இல்லாததால் பலர் ஒரே நேரத்தில் எழுதுவது எளிது. ராக்ஸ்டிபி என்ற சேமிப்பு எஞ்சின் தன் நினைவக அட்டவணைக்கு இயல்பாக இதைத்தான் வைத்திருக்கிறது. வட்டில் வைத்துப் படிக்க இது ஏற்றதல்ல, நினைவகத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நீங்கள் டேட்டாபேஸ் எஞ்சினையே எழுதுகிறவர் என்றால் இந்தப் பகுதியில்தான் பல மாதங்கள் உட்கார வேண்டும். பில் போடும் மென்பொருள் எழுதுகிறவர் என்றால் இந்தத் தேர்வு உங்கள் கையில் இல்லை, அதனால் இழப்பும் இல்லை. இருபது அறைக் காட்டேஜிலோ எடைமேடையிலோ லாட்சுக்காக யாரும் காத்திருப்பதை உணரும் அளவுக்கு வேலை இருக்காது.

லாக் அட்டவணை: எதைப் பிடிப்பது?

லாக் பக்கம் வந்தால் கதை வேறு. இங்கே நம் நிரலின் ஒவ்வொரு வரியும் கணக்கில் வரும்.

பாடப்புத்தகங்களில் இருக்கும் லாக் அட்டவணை ஒரு ஹாஷ் அட்டவணை (பெயரைக் கொடுத்ததும் அதன் இடத்தை நேரடியாகக் காட்டுவது). எந்தப் பொருளை யார் பிடித்திருக்கிறார், யார் யார் வரிசையில் நிற்கிறார் என்ற பட்டியல் அதில் இருக்கும். கட்டமைப்பு எளிது, ஆனால் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு இடம் வேண்டும் என்றால் நினைவகம் தாங்காது. இதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சமாளிக்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் ஒரே கட்டளை சுமார் 5,000 லாக்குகளைத் தொட்டால் மொத்த அட்டவணையையே பூட்டப் பார்க்கும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் எஞ்சினான இன்னோடிபி ஒரு பேஜுக்கு ஒரு லாக் என்று வைத்துக்கொண்டு, அதில் எந்தப் பதிவு என்பதை ஒரு பிட் வரிசையால் குறிக்கும். போஸ்ட்கிரெஸ் பதிவின் லாக்கை அட்டவணையில் நிரந்தரமாக வைப்பதே இல்லை. பிடித்திருப்பவரின் டிரான்சாக்ஷன் எண்ணைப் பதிவின் தலைப்பிலேயே எழுதிவிடும். லட்சம் பதிவுகளைப் பூட்டினாலும் நினைவகம் தீராது. பூட்டுவது மட்டுமே நோக்கம் என்றாலும் பேஜ் வட்டுக்குத் திரும்ப எழுதப்பட வேண்டும், அதுதான் அதற்கு விலை.

மூன்றில் எனக்குப் போஸ்ட்கிரெஸ் வழி பிடிக்கிறது. மாதக் கடைசியில் ஒரு பெரிய கட்டளை ஓடும்போது, சம்பந்தமே இல்லாத கவுண்டரில் நிற்கும் வாடிக்கையாளர் திடீரென்று காத்திருக்க நேர்வதை அது தவிர்க்கிறது.

ஆனால் இந்த மூன்றின் பதிவு லாக்குகளுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு, ஏற்காட்டுக் காட்டேஜ் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். பதிவு என்று ஒன்று இருந்தால்தான் அதைப் பூட்ட முடியும். மே 24 முதல் 26 வரை 7-ஆம் எண் அறை காலியாக இருக்கிறது என்பதற்கு டேட்டாபேஸில் எந்தப் பதிவும் கிடையாது. காலி என்பதே பதிவு இல்லாத நிலைதான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் தேடுகிறார்கள், இருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை, இருவரும் புதிய பதிவைச் சேர்க்கிறார்கள். இரண்டு பதிவுகளும் வேறு வேறு என்பதால் லாக் அட்டவணைக்கு இதில் ஒரு மோதலும் தெரியாது. டேட்டாபேஸின் கண்ணில் எல்லாம் சரி.

இந்தப் பிரச்சினையை 1976-இலேயே ஈஸ்வரன், கிரே, லோரி, ட்ரெய்கர் நால்வரும் ஐபிஎம்மில் இருந்து எழுதிய கட்டுரையில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் தந்த தீர்வு, பதிவைப் பூட்டாமல் நிபந்தனையைப் பூட்டுவது. '7-ஆம் அறை, இந்தத் தேதிகள்' என்ற நிபந்தனைக்கே லாக். கோட்பாடாகக் கச்சிதம். நடைமுறையில் ஒவ்வொரு புதிய பதிவையும் எல்லா நிபந்தனைகளோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது பெரிய சுமை. அதனால் எஞ்சின் எழுதுகிறவர்கள் வேறு வழி பிடித்தார்கள். இண்டெக்ஸில் இரண்டு மதிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பூட்டு. ஐஐடி மெட்ராஸில் படித்துவிட்டு ஐபிஎம் போன சி. மோகன் 1990-இல் வெளியிட்ட ஏரீஸ் கேவிஎல் முறையில், ஒரு மதிப்பைச் சேர்ப்பவர் அடுத்த மதிப்பின் லாக்கையும் கேட்க வேண்டும். அந்த அடுத்த மதிப்பு இடைவெளிக்குக் காவல் நிற்கிறது.

காலியிடத்தைக் காக்க ஐந்து வழிகள்

காட்டேஜுக்குத் திரும்புவோம். இங்கேதான் உண்மையான தேர்வு இருக்கிறது.

மைஎஸ்க்யூஎல் வைத்திருப்பவர்களுக்கு இன்னோடிபியின் இடைவெளி லாக் முதலில் கண்ணில் படும். ரிப்பீட்டபிள் ரீட் என்ற தனிமை நிலையில், படிப்பதையே பூட்டும் செலக்ட் ஃபார் அப்டேட் கட்டளையால் தேடினால், கிடைக்காத இடத்தின் இடைவெளியையும் அது பூட்டும். பாதுகாப்பு கிடைக்கிறது, ஆனால் ஒரு வினோதத்தோடு. இடைவெளி லாக்குகள் ஒன்றோடொன்று மோதாது. போனில் கேட்டவருக்கும் இணையதளத்தில் இருப்பவருக்கும் ஒரே இடைவெளியின் லாக் ஒரே நேரத்தில் கிடைத்துவிடும். பிறகு இருவரும் பதிவைச் சேர்க்கப் போகும்போது ஒருவருக்காக மற்றவர் என்று இருவருமே காத்திருக்கத் தொடங்குவார்கள். டெட்லாக். எஞ்சின் ஒருவரை ரத்து செய்துவிடும். இரட்டைப் புக்கிங் நடக்கவில்லை என்பது நல்ல விஷயம். ஆனால் நிரலில் மறுமுயற்சி எழுதியிருக்காவிட்டால், ரத்தானவருக்குப் புரியாத ஒரு பிழைச் செய்திதான் போகும். அதோடு இடைவெளி என்பது இண்டெக்ஸில் அடுத்தடுத்து இருக்கும் மதிப்புகளைப் பொறுத்தது. முன்பதிவு குறைவாக இருக்கும் மாதங்களில் ஒரு இடைவெளி பல வாரங்களை விழுங்கி நிற்கும். ஆகஸ்டுக்குக் கேட்டவர் செப்டம்பருக்குக் கேட்டவரைத் தடுப்பார்.

இரண்டாவது வழி, அறையின் பதிவைப் பூட்டுவது. அறைகளுக்கென்று ஒரு அட்டவணை எப்படியும் இருக்கும். 7-ஆம் அறையின் பதிவை முதலில் பூட்டிவிட்டு, பிறகு தேதிகளைத் தேடி, சேர்த்து, முடித்துவிட வேண்டும். எளிமையானது, எந்த டேட்டாபேஸிலும் ஓடும். அந்த அறைக்கு எந்தத் தேதிக்குக் கேட்டாலும் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும், ஆனால் அது சில மில்லி நொடிதானே. இதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. எல்லா நிரல்களும் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும். நாளைக்கு வேறொருவர் எக்செல் கோப்பிலிருந்து புக்கிங்குகளை ஏற்ற ஒரு சிறு நிரல் எழுதி, அறையைப் பூட்ட மறந்தால் காவல் காணாமல் போய்விடும்.

மூன்றாவது, டேட்டாபேஸையே சீரியலைசபிள் நிலையில் (டிரான்சாக்ஷன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது போன்ற விளைவு தருவது) ஓடவிடுவது. போஸ்ட்கிரெஸ் 2011-இல் 9.1 பதிப்பில் இதற்கு ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில நீதிமன்றங்களின் மென்பொருளில் வேலை செய்த ஒருவருடைய தேவையிலிருந்து வந்தது என்பதால் எனக்கு அதன் மேல் தனி மரியாதை. படித்ததற்காக யாரையும் காக்க வைக்காது. யார் எதைப் படித்தார் என்று குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும். படித்ததும் எழுதியதும் ஆபத்தான விதத்தில் பின்னிக்கொண்டால் ஒருவரை ரத்து செய்யும். பல அட்டவணைகளைப் பார்த்து முடிவெடுக்கும் சிக்கலான விதிகள் இருந்தால் இதைவிட நல்ல வழி குறைவு. ஆனால் சின்ன அட்டவணையில் குறிப்புகள் பேஜ் அளவுக்கோ மொத்த அட்டவணை அளவுக்கோ போய்விடும், சம்பந்தமில்லாத இருவரும் மோதுவதாக எண்ணி ஒருவரை ரத்து செய்வதும் நடக்கும். ரத்தானால் அந்த ஒரு கட்டளையை மட்டும் மறுபடி ஓட்டினால் போதாது, டிரான்சாக்ஷன் முழுவதையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். அதை எழுதத் தயாராக இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

நான்காவதுதான் போஸ்ட்கிரெஸின் எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட். 2010-இல் 9.0 பதிப்பில் வந்தது, 2012-இல் தேதி இடைவெளியை ஒரே மதிப்பாக வைக்கும் ரேஞ்ச் வகைகள் வந்த பிறகு முழுப் பயனுக்கு வந்தது. ஒரே அறை, ஒன்றன் மேல் ஒன்று விழும் தேதிகள், இப்படி இரண்டு பதிவுகள் இருக்கக் கூடாது என்று அட்டவணையிலேயே எழுதிவிடலாம். பி-ட்ரீயால் இதைச் செய்ய முடியாது. வரிசைப்படுத்தினால் அடுத்தடுத்து வருவதை அது சொல்லும், ஒன்றன் மேல் ஒன்று விழுவதைச் சொல்லாது. அதனால் ஜிஸ்ட் என்ற பொது மரம் பயன்படுகிறது. ஒவ்வொரு கிளையும் தனக்குக் கீழே உள்ள எல்லா இடைவெளிகளையும் மூடும் ஒரு பெரிய இடைவெளியைச் சுமக்கும். இந்த மரத்தில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்வது எப்படி என்று 1997-இல் எழுதிய மூவரில் அதே மோகனும் ஒருவர். லேமனும் யாவோவும் தந்த வலப்பக்கச் சுட்டி இங்கும் வருகிறது. ஜிஸ்ட்டில் மதிப்புகளுக்கு நேர் வரிசை இல்லையே, பேஜ் பிளந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு பேஜுக்கும் ஒரு தொடர் எண் கொடுத்து அதைத் தீர்த்தார்கள்.

செய்து பார்க்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். அறை எண்ணைச் சமம் என்று ஒப்பிட பிட்ரீ-ஜிஸ்ட் என்ற நீட்சியை முதலில் நிறுவ வேண்டும். இடைவெளியின் கடைசி நாளைச் சேர்க்காமல் வையுங்கள், இல்லையென்றால் 26-ஆம் தேதி காலை காலி செய்கிறவரும் அன்று மதியம் வருகிறவரும் மோதுவார்கள். ரத்தான புக்கிங்குகளை விதியிலிருந்து விலக்கும் நிபந்தனையையும் கூடவே எழுதலாம். 2025-இல் வந்த 18-ஆம் பதிப்பில் யூனிக் விதியிலேயே (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது என்பது) 'ஓவர்லாப் இல்லாமல்' என்று சொல்லும் வசதியும் வந்துவிட்டது, உள்ளே வேலை செய்வது ஜிஸ்ட்தான். இரண்டு பேர் சரியாக ஒரே கணத்தில் சேர்த்தால் இங்கும் டெட்லாக் வரலாம். ஆனால் எந்த நிரல் எந்த வழியில் வந்தாலும் இரட்டைப் புக்கிங் உள்ளே நுழையாது.

ஐந்தாவது பழைய வழி, பலர் மட்டமாகப் பார்ப்பது. ஒரு இரவுக்கு ஒரு பதிவு. அறை எண்ணும் தேதியும் சேர்ந்து யூனிக். இருபது அறைகள், 365 இரவுகள், எல்லாம் நிரம்பினாலும் வருடத்துக்கு 7,300 பதிவுகள். இது ஒரு எண்ணிக்கையே இல்லை. ஜிஸ்ட் தேவையில்லை, சாதாரண பி-ட்ரீ போதும், எந்த டேட்டாபேஸிலும் ஓடும். இரண்டாவதாக வருகிறவர் முதல்வரின் டிரான்சாக்ஷன் முடியும்வரை காத்திருப்பார். முதல்வர் முடித்தால் இவருக்குப் பிழை, முதல்வர் கைவிட்டால் இவருக்கு அறை. எப்போதும் தேதி வரிசையிலேயே பதிவுகளைச் சேர்க்க வேண்டும். ஒருவர் 24-இலிருந்தும் இன்னொருவர் 26-இலிருந்தும் தொடங்கினால் நடுவில் டெட்லாக் ஆகும். சனிக்கிழமைக்கு ஒரு வாடகை, செவ்வாய்க்கிழமைக்கு ஒரு வாடகை என்று விலை மாறும் ஊரில் இரவுக்கு ஒரு பதிவு கணக்குக்கும் வசதி.

நான் தேர்வு செய்வது ஐந்தாவதை. போஸ்ட்கிரெஸை மட்டுமே நம்பி, மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் மண்டபம் மாதிரியான தொழில் என்றால் நான்காவது. மணி, நிமிடம் என்று வரும்போது துண்டு துண்டாகப் பதிவு வைப்பது சரிப்படாது.

எந்த வழியானாலும் வாடிக்கையாளர் யூபிஐ-யில் பணம் கட்டும் நேரம் முழுக்க டிரான்சாக்ஷனைத் திறந்து வைக்கக் கூடாது. மலையில் சிக்னல் போய்விட்டால் அவர் ஐந்து நிமிடம் சுற்றிக்கொண்டிருப்பார்; பின்னால் வருகிறவர் அத்தனை நேரமும் உறைந்து நிற்பார். 'தற்காலிகமாக வைத்திருக்கிறது, இந்த நேரத்துக்குள் பணம் வராவிட்டால் காலாவதி' என்று ஒரு நிலையை எழுதி டிரான்சாக்ஷனை முடித்துவிடுங்கள். பணம் வந்ததும் இன்னொரு சின்ன டிரான்சாக்ஷனில் உறுதி செய்யலாம்.

வெள்ளிக் கடையும் பழைய பதிப்புகளும்

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வியாபாரிகள் பட்டறைகளுக்கு வெள்ளியைக் கொடுத்து, கொலுசாகத் திரும்ப வாங்குகிறார்கள். கொடுத்த எடை, வந்த எடை, டச் (வெள்ளியின் தூய்மை), சேதாரம், கூலி எல்லாம் கணக்கில் ஏறும். இங்கே காலியிடப் பிரச்சினை இல்லை. எல்லோரும் ஒரே பதிவை நோக்கி வருவதுதான் பிரச்சினை. கடையின் மொத்த வெள்ளி இருப்பு என்று ஒரு பதிவு வைத்தால், ஒவ்வொரு கவுண்டரும் அதைக் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும்.

நிரலில் இருப்பைப் படித்து, கழித்து, திரும்ப எழுதினால் இரண்டு கவுண்டர்களில் ஒன்றின் கழிவு காணாமல் போகும். இதைத் தடுக்க டேட்டாபேஸிலேயே 'இருப்பு = இருப்பு கழித்தல் இவ்வளவு' என்று எழுதச் சொல்வார்கள். சரிதான். ஆனால் அப்படி எழுதினால் உள்ளே என்ன நடக்கிறது என்பதில்தான் இரண்டு எஞ்சின்களும் பிரிகின்றன.

போஸ்ட்கிரெஸ் பழைய பதிவைத் தொடாது. புதிய பதிப்பு ஒன்றை அட்டவணையிலேயே எழுதி, பழையதில் 'இனி இது செல்லாது' என்று குறிக்கும். மாற்றிய புலத்தில் இண்டெக்ஸ் இல்லை, அதே 8 கேபி பேஜில் இடமும் இருக்கிறது என்றால் இண்டெக்ஸைத் தொடாமல் தப்பிக்கும். இல்லையென்றால் எல்லா இண்டெக்ஸிலும் புதிய குறிப்பு ஏறும். பழைய பதிப்புகளை வேக்கம் என்ற துப்புரவு வேலை வந்து அகற்ற வேண்டும். இன்னோடிபி பதிவை இருந்த இடத்திலேயே மாற்றிவிட்டு, பழைய மதிப்பை அண்டூ லாக் என்ற தனிக் குறிப்பேட்டில் வைக்கும். பழைய காட்சி தேவைப்படுகிறவர் அண்டூ சங்கிலியில் பின்னோக்கி நடந்து அதைக் கட்டிக்கொள்வார்.

இருவரும் தருவது ஒன்றே: படிப்பவர் எழுதுபவரைத் தடுப்பதில்லை, எழுதுபவர் படிப்பவரைத் தடுப்பதில்லை. வேறுபாடு செலவு எங்கே விழுகிறது என்பதில். போஸ்ட்கிரெஸில் ரோல்பேக் (டிரான்சாக்ஷனைக் கைவிடுவது) உடனடி, பின்வாங்க ஒன்றுமே இல்லை. இன்னோடிபியில் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரே பதிவை ஓயாமல் மாற்றும் வேலைக்கு இன்னோடிபி தோதானது என்று நினைக்கிறேன். ஆடிட்டருக்காக மாலையில் ஒரு பெரிய அறிக்கையை ஓடவிட்டு, அது மணிக்கணக்கில் திறந்தே கிடந்தால் இரண்டுக்குமே அடி. போஸ்ட்கிரெஸில் அட்டவணை வீங்கும், இன்னோடிபியில் அண்டூ வளர்ந்து பழைய காட்சியைக் கட்டுவது நேரம் பிடிக்கும்.

என் பரிந்துரை எஞ்சினை மாற்றுவதற்கு முன்னால் அந்த ஒற்றைப் பதிவையே எடுத்துவிடுவது. கொடுக்கல் வாங்கல் ஒவ்வொன்றையும் தனிப் பதிவாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். இருப்பு வேண்டும்போது கூட்டிக்கொள்ளலாம். தினமும் கடை மூடும்போது முடிவிருப்பு ஒன்றை எழுதி வைத்தால் கூட்டுவது அன்றைய பதிவுகள் மட்டுமே. சேர்ப்பவர்கள் ஒருவரையொருவர் காக்க வைப்பதில்லை. 'இந்தப் பட்டறைக்கு இதற்கு மேல் வெள்ளி நிலுவையில் நிற்கக் கூடாது' என்ற விதி இருந்தால் மட்டும் லாக் வேண்டும். அதை அந்தப் பட்டறையின் பதிவில் போடுங்கள். ஒரு பட்டறைக்கு எழுதும் நேரத்தில் இன்னொரு பட்டறையின் ஆள் ஏன் காத்திருக்க வேண்டும்?

ஒருவரே எழுதினால் போதும் என்ற இடங்கள்

எடைமேடையில் மரவள்ளிக் கிழங்கு லாரி ஏறி நிற்கிறது, எடை வருகிறது, மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்து விலை போடுகிறார்கள், சீட்டு அச்சாகிறது. எழுதுபவர் ஒருவர். அலுவலகத்தில் இரண்டொருவர் அதைப் படிப்பார்கள். இதற்கு ஒரு பெரிய சர்வர் நிறுவி வைப்பது வீண். எஸ்க்யூலைட் என்ற, ஒரே கோப்பில் ஓடும் சிறு டேட்டாபேஸ் 2010-லிருந்து தரும் வால் (WAL) முறை போதும். புதிய பேஜ்கள் ஒரு தனிக் கோப்பின் கடைசியில் சேர்ந்துகொண்டே போகும், படிப்பவர்கள் தாங்கள் தொடங்கிய நேரத்துக் காட்சியைப் பார்ப்பார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். எழுதுவது மில்லி நொடியில் முடிந்துவிடுவதால் அது குறையாகத் தெரியாது. காத்திருக்கும் நேரத்தை நீங்கள் அமைக்க வேண்டும், இல்லையென்றால் உடனே 'பூட்டியிருக்கிறது' என்று பிழை வரும். கோப்பை நெட்வொர்க் டிரைவில் வைத்து அலுவலகக் கணினிகளிலிருந்து திறக்கக் கூடாது, அந்த முறை ஒரே கணினிக்குள் மட்டுமே செல்லும். அலுவலகத்தில் இருப்பவர்கள் எடைமேடைக் கணினியில் ஓடும் ஒரு சிறு நிரல் வழியாகப் படித்துக்கொள்ளட்டும்.

எல்எம்டிபி என்ற சிறு டேட்டாபேஸ் நூலகம் இதற்குப் பக்கத்தில் வரும். இதிலும் ஒரே எழுத்தாளர்தான். மாற்றும் பேஜை நகலெடுத்து வேர்வரை புதிய பாதை போட்டு, கடைசியில் வேரை மாற்றும். படிப்பவர்களுக்கு லாக்கே கிடையாது. ஆனால் படிப்பவர் ஒருவர் நெடுநேரம் திறந்தே வைத்திருந்தால் பழைய பேஜ்களை மறுபடி பயன்படுத்த முடியாமல் கோப்பு வளர்ந்துகொண்டே போகும். எஸ்க்யூஎல் என்ற கேள்வி மொழி வேண்டியவர்களுக்கு இது பொருந்தாது.

காபித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவர்களின் எடையை மலைச்சரிவில் நின்று கைபேசியில் ஏற்றும்போது சிக்னல் இருக்கும் என்று சொல்ல முடியாது. அங்கே எந்தச் சர்வர் லாக்கும் எட்டாது. ஒவ்வொரு கைபேசியிலும் எஸ்க்யூலைட், ஒவ்வொரு எடைக்கும் கைபேசியே உருவாக்கும் தனி அடையாள எண், மாலையில் கீழே வந்ததும் ஒத்திசைவு. சேர்ப்பது மட்டுமே நடப்பதால் மோதலே வராது. அடையாள எண்ணுக்கு நேர வரிசையில் வரும் யூயூஐடி ஏழாம் வகை நல்லது. முழுக்கத் தாறுமாறான எண் என்றால் சர்வரின் பி-ட்ரீயில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பேஜில் போய் விழும். தவறாக ஏற்றிய எடையைத் திருத்த, பழையதை மாற்றாமல் எதிர்ப்பதிவு ஒன்று போடுங்கள்.

தேர்வை எப்படிச் சோதிப்பது

எதைத் தேர்ந்தாலும் நேரில் ஒருமுறை மோதவிட்டுப் பாருங்கள். இரண்டு டெர்மினல் திறந்து, முதலாவதில் டிரான்சாக்ஷன் தொடங்கி 7-ஆம் அறைக்கு மே 24-ஐச் சேர்த்துவிட்டு முடிக்காமல் விடுங்கள். இரண்டாவதில் அதே இரவைச் சேருங்கள். அது நிற்கிறதா, உடனே பிழை தருகிறதா, இல்லை ஒன்றுமே நடக்காதது போல் ஏற்றுக்கொள்கிறதா? ஏற்றுக்கொண்டால் உங்கள் அமைப்பில் காவல் இல்லை. நின்றால், முதலாவதை முடித்து இரண்டாவதுக்கு என்ன செய்தி வருகிறது என்று பாருங்கள். பிறகு முதலாவதை ரோல்பேக் செய்தும் பாருங்கள்.

போஸ்ட்கிரெஸில் டிரான்சாக்ஷனைத் திறந்துவிட்டுச் சும்மா இருக்கும் இணைப்புகளைத் துண்டிக்க ஒரு காலவரம்பு அமைப்பு இருக்கிறது. இயல்பில் அது அணைந்திருக்கும், சில பத்து நொடிகளுக்கு வையுங்கள். இன்னோடிபியில் லாக்குக்காகக் காத்திருக்கும் இயல்பு நேரம் 50 நொடி. வரவேற்பு மேசையில் ஆள் நிற்கும்போது அது மிக அதிகம், ஐந்து நொடிக்குக் குறைத்துவிடுங்கள். டெட்லாக், யூனிக் மீறல், சீரியலைசபிள் ரத்து இவை மூன்றும் மூன்று வேறு பிழை எண்கள். முதலும் மூன்றும் வந்தால் நிரல் தானாக மறுபடி முயலட்டும். யூனிக் மீறல் வந்தால் மறுபடி முயல்வதில் பயனில்லை, அறை போய்விட்டது. அந்த நேரத்தில் மேசையில் இருப்பவரின் திரையில் ஆங்கிலப் பிழை எண்ணுக்குப் பதிலாக, 'இந்த அறை இப்போதுதான் புக் ஆனது' என்ற வரியும், அதே தேதிகளில் காலியாக இருக்கும் மற்ற அறைகளின் பட்டியலும் வர வேண்டும்.